அமெரிக்க மாநிலங்களும் மாணவரின் கோடைக்கால ஊதியமும்

முன்னுரை

முதற் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப் பெயர் உண்டு என்பதை வரலாறு பயின்றோர் அறிவர். ஒரு வரியை நீக்கியமைக்காகவே ஒரு மன்னனை நாடு பெயரிட்டு நினைத்தது என்றால், அவ்வரி மக்களுக்கு எத்துணைச் சுமையாக இருந்திருக்க வேண்டும்! இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் செல்வோரை எந்த எல்லைக் காவலரும் நிறுத்தி வினவுவதில்லை. ஆயினும் எல்லை இல்லாமற் போய்விடவில்லை. அது சாலையில் இல்லை. ஊதியச் சீட்டில் இருக்கிறது.

தமிழ்த்துறை மலரில் அயல்நாட்டு வரிச்சட்டம் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 3,31,602. அவ்வாண்டில் சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பெற்றது. நம்மிடம் பயின்று சென்றவர்களும் அக்கூட்டத்தில் உளர். ஒரு மாநிலத்தில் படித்து, வேறொரு மாநிலத்தில் கோடைக்காலப் பணி செய்து, ஆண்டு முடிவில் இரண்டு மாநிலங்களின் வரிப்படிவங்களையும் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் நிலை அவர்களுக்கும் நேர்கிறது. அந்நாட்டு மாணவர்களுக்கும் நேர்கிறது. எந்த அறிவும் தமிழில் வந்தால்தான் அது நம் வீட்டுக்குள் வரும். ஆதலின் அச்சிக்கலை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டு முறையும் அவர்கள் முறையும்

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். இந்தியாவில் வருமான வரி விதிக்கும் உரிமை நடுவண் அரசுக்கே உரியது. வேளாண்மை வருமானத்தின் மீது மட்டுமே மாநிலங்கள் வருமான வரி விதிக்கலாம். இதைத் தவிரத் தொழில்வரி என ஒன்று உண்டு. 1988இல் நிறைவேறிய 60ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி அதன் உச்ச வரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். எனவே ஆம்பூரில் பிறந்தவர் பெங்களூரில் பணிசெய்தாலும், நெல்லையில் பிறந்தவர் மும்பையில் பணிசெய்தாலும், வருமான வரிக்கணக்கு ஒன்றே.

அமெரிக்காவில் அவ்வாறன்று. நடுவண் அரசு தனியே வருமான வரி விதிக்கிறது. அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது 1913இல் நடைமுறைக்கு வந்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ஆனால் அதற்கு முன்பே, 1911இல், விஸ்கான்சின் மாநிலம் இக்கால முறையிலான வருமான வரியைச் செயற்படுத்திக் காட்டியது. மாசசூசெட்ஸ் 1916இலும், நியூயார்க் 1919இலும், கலிபோர்னியா 1935இலும் அவ்வழியைப் பின்பற்றின. நியூஜெர்சி 1976 வரையிலும், கனெக்டிகட் 1991 வரையிலும் ஊதியத்திற்கு வரி விதிக்காமலே இருந்தன. இன்று 41 மாநிலங்களும் தலைநகரான வாஷிங்டன் டி.சி.யும் ஊதியத்தின் மீது வருமான வரி வாங்குகின்றன. அலாஸ்கா, புளோரிடா, நெவாடா, நியூஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங் ஆகிய ஒன்பது மாநிலங்களில், 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, ஊதியத்திற்கு மாநில வருமான வரி இல்லை.

ஒவ்வொரு மாநிலத்திற்கும் விகிதம் வேறு, கழிவு வேறு, படிவம் வேறு. ஆகவே வரிச்சட்டத்தைப் பொறுத்தமட்டில் அமெரிக்கா ஒரே நாடன்று. பல நாடுகளின் தொகுதி எனல் பொருந்தும்.

இரண்டு உரிமைகள் மோதும் இடம்

ஒருவருடைய ஊதியத்தின் மீது ஒரு மாநிலம் எந்த அடிப்படையில் உரிமை கொண்டாடுகிறது? அடிப்படைகள் இரண்டு. ஒன்று, ‘இவர் எங்கள் ஊரார்’ என்பது. மற்றொன்று, ‘இந்த வேலை எங்கள் மண்ணில் நடந்தது’ என்பது. முதல் அடிப்படையில், தன் குடியிருப்பாளர் உலகின் எம்மூலையில் ஈட்டினும் அவ்வருமானம் முழுவதற்கும் வரி கேட்க ஒரு மாநிலத்திற்கு உரிமை உண்டு. இரண்டாம் அடிப்படையில், வெளிமாநிலத்தவர் தன் எல்லைக்குள் ஈட்டியதற்கு மட்டும் வரி கேட்கலாம்.

இவ்விரண்டாம் உரிமையை உச்சநீதிமன்றம் 1920ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளன்று உறுதி செய்தது. இல்லினாய்ஸ்வாசி ஒருவர் ஓக்லஹோமாவில் எண்ணெய்த் தொழில் நடத்தி வந்தார். தாம் அம்மாநிலத்தவர் அல்லர் என்பதால் அம்மாநிலத்துக்கு வரிசெலுத்த வேண்டியதில்லை என வாதிட்டார். ‘ஷாஃபர் எதிர் கார்ட்டர்’ எனப்படும் அவ்வழக்கில் நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அதே நாளில் வழங்கப்பட்ட ‘டிராவிஸ் எதிர் யேல் அண்ட் டவுன்’ என்னும் மற்றொரு தீர்ப்பில், தன் குடிகளுக்குத் தரும் விலக்கு வரம்பை வெளிமாநிலத்தவருக்கு மறுத்த நியூயார்க் சட்டம் செல்லாது எனக் கூறியது. வரி கேட்கலாம், ஓரவஞ்சனை கூடாது என்பதே இவ்விரு தீர்ப்புகளின் சாரம்.

மாணவரின் நிலை இங்கேதான் சிக்கலாகிறது. வீடு ஒரு மாநிலம். கல்லூரி மற்றொரு மாநிலம். கோடைப்பணி மூன்றாவது மாநிலம். மூன்று மாநிலங்களும் அவரைப் பார்த்துக் கை நீட்டக்கூடுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

மாணவரின் ஊர் எது?

இவ்வினாவுக்கு விடை ‘நிலையுறைவு’ என்னும் கருத்தில் அடங்கியுள்ளது. ஒருவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதைவிட, எவ்வூரைத் தம் ஊராகக் கொண்டு அங்கே திரும்பும் எண்ணத்தோடு வாழ்கிறார் என்பதே நிலையுறைவைத் தீர்மானிக்கிறது. விடுதியில் நான்காண்டுகள் தங்கினாலும், விடுமுறைதோறும் பெற்றோர் இல்லத்திற்குத் திரும்பும் மாணவரின் நிலையுறைவு பெற்றோர் ஊரே. படிப்பின் பொருட்டு வெளியே இருப்பது தற்காலிகமான பிரிவாகவே கொள்ளப்படும். நிலையுறைவு ஒரு காலத்தில் ஒன்றே இருக்க முடியும். பழையதைக் கைவிட்டுப் புதியதை ஏற்றாலன்றி அது மாறாது.

எண்ணத்தை எவ்வாறு மெய்ப்பிப்பது? ஓட்டுநர் உரிமம் எம்மாநிலத்தது, வாக்காளர் பதிவு எங்கே, வண்டிப் பதிவு எங்கே, உடைமைகள் எங்கே என்பனவற்றை அதிகாரிகள் ஆராய்வர். இங்கே மாணவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. உள்மாநிலத்தவர்க்குரிய குறைந்த கல்விக்கட்டணத்தைப் பெறுவதற்காகக் கல்லூரி இருக்கும் மாநிலமே தம் ஊர் எனச் சான்று காட்டுவர். வரி என்று வரும்பொழுது பெற்றோர் மாநிலமே தம் ஊர் என்பர். இரண்டு அலுவலகங்களில் இரண்டு விதமாகக் கையொப்பமிட்டால், ஒன்று மற்றொன்றுக்கு எதிர்ச்சான்றாகிவிடும்.

நிலையுறைவு இல்லாவிடினும், நாட்கணக்கால் ஒருவரைக் குடியிருப்பாளராக்கும் விதி பல மாநிலங்களில் உண்டு. நியூயார்க்கில் நிலையான தங்குமிடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஓராண்டில் 183 நாட்களுக்கு மேல் இருப்பவர் குடியிருப்பாளராகிறார். ஆனால் இளநிலைப் பட்டப்படிப்பை முழுநேரமாகப் பயிலும் மாணவர், படிப்பின் பொருட்டுத் தங்கும் இடத்தை நிலையான தங்குமிடமாகக் கொள்வதில்லை என அம்மாநிலம் விலக்களித்துள்ளது. இவ்விலக்கு இளநிலை மாணவர்க்கே உரியது. வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கும் முதுநிலை மாணவர்கள் இதைத் தங்களுக்கும் உரியதாக எண்ணிக்கொள்ளல் ஆகாது.

ஒரு மாணவியின் கணக்கு

கருத்துகளை எண்களால் காட்டினால் தெளிவு பிறக்கும். கீழே வரும் கணக்குகள் யாவும் 2024ஆம் ஆண்டு வருமானத்திற்கு உரியவை, மாணவி கற்பனையானவள்.

பெற்றோர் நியூஜெர்சியில் வாழ்கின்றனர். மகள் பென்சில்வேனியாவில் கல்லூரி மாணவி. கோடையில் நியூயார்க் நகரத்து அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு வாரம் பணிசெய்து 12,000 டாலர் ஈட்டினாள். வேறு வருமானம் இல்லை. பெற்றோர் அவளைத் தம்மைச் சார்ந்தவளாகத் தம் கணக்கில் காட்டுகின்றனர்.

நடுவண் அரசின் வரி முதலில். சார்ந்திருப்பவருக்கான நிலைக்கழிவு, உழைத்து ஈட்டியதனோடு 450 டாலர் கூட்டியது. 14,600 டாலர் அதன் உச்சம். அவ்வகையில் 12,450 டாலர் கழிவு கிடைக்கிறது. வருமானம் அதனினும் குறைவு. ஆகவே நடுவண் வருமான வரி இல்லை. ‘வரியே இல்லை’ என அவள் மகிழ்வது இயல்பு. ஆனால் மாநிலங்கள் இந்த வரம்பைத் தம்முடையதாக ஏற்பதில்லை.

நியூயார்க்கில் சார்ந்திருப்பவருக்கான நிலைக்கழிவு 3,100 டாலர் மட்டுமே. மீதி 8,900 டாலர். முதல் 8,500 டாலருக்கு 4 விழுக்காடு, எஞ்சிய 400 டாலருக்கு 4.5 விழுக்காடு எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 358 டாலர் வரி. நியூயார்க் நகரம் தனியே ஒரு வருமான வரி வாங்கினும், அது அந்நகரத்துக் குடியிருப்பாளருக்கு மட்டுமே. வெளியிலிருந்து வருவோர்க்கு இருந்த வரி 1999இல் நீக்கப்பட்டது.

நியூஜெர்சி அவளுடைய சொந்த மாநிலம். அதற்கு அவளுடைய வருமானம் முழுவதன் மீதும் உரிமை உண்டு. 1,000 டாலர் விலக்குப் போக 11,000 டாலருக்கு 1.4 விழுக்காடு; 154 டாலர். அப்படியாயின் 358உம் 154உம் சேர்த்துச் செலுத்த வேண்டுமா? வேண்டியதில்லை. பிற மாநிலத்தில் செலுத்திய வரிக்கு ஈடாகச் சொந்த மாநிலம் தன் வரியில் தள்ளுபடி தருகிறது. இதனை ‘வரி ஈடு’ எனலாம். அந்த ஈடு, தன் மாநிலத்தில் அதே வருமானத்திற்கு வரக்கூடிய வரியைத் தாண்டாது. ஆகவே நியூஜெர்சியின் 154 டாலர் முழுவதும் தள்ளுபடியாகிவிடும். நியூயார்க்குக்குச் செலுத்திய கூடுதல் தொகையை நியூஜெர்சி திருப்பித் தராது. முடிவில் அவள் செலுத்துவது 358 டாலர். இரண்டு மாநில வரிகளுள் எது பெரியதோ அதுவே அவள் சுமை என்பது பொதுவிதி.

பென்சில்வேனியா? அங்கே அவள் படித்தாள், ஈட்டவில்லை. ஆகவே அம்மாநிலத்திற்கு ஒன்றும் இல்லை.

வரி ஈடு என்பது அரசின் பெருந்தன்மை மட்டுமன்று. ஓரளவுக்கு அரசியல் சட்டத்தின் கட்டளையும் ஆகும். பிற மாநிலங்களில் வரி செலுத்தியவர்க்கு முழு ஈடு தராத மேரிலாந்தின் வரிமுறையை 2015இல் உச்சநீதிமன்றம் ‘வின்’ வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற வேறுபாட்டில் செல்லாததாக்கியது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிகத்தை அம்முறை தண்டிப்பதாகும் என்பதே காரணம்.

ஒழுங்குமுறை ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். பணிசெய்த மாநிலத்தின் படிவத்தை முதலில் நிரப்புக; அதில் வரும் தொகையைக் கொண்டு சொந்த மாநிலத்தின் படிவத்தை நிரப்புக. இதற்கு விலக்கும் உண்டு. அரிசோனா, ஓரிகன், வர்ஜீனியா ஆகிய மாநிலத்தவர் கலிபோர்னியாவில் ஈட்டினால், அவர்கள் தம் சொந்த மாநிலத்துக்கு முழு வரி செலுத்திவிட்டு, ஈட்டைக் கலிபோர்னியாவிடம் கோர வேண்டும். முறை தலைகீழாகிவிடுகிறது.

உடன்பாடு கொண்ட அண்டை மாநிலங்கள்

அதே மாணவி நியூயார்க்குக்குப் பதிலாகப் பென்சில்வேனியாவில் உள்ள பிலடெல்பியா நகரில் அதே ஊதியத்திற்குப் பணிசெய்தாள் எனக் கொள்வோம். இப்பொழுது கணக்கு மாறுகிறது. நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. ‘உன் குடிகளின் ஊதியத்திற்கு நான் வரி வாங்கேன், என் குடிகளின் ஊதியத்திற்கு நீ வாங்காதே’ என்பதே அது. ஆகவே பென்சில்வேனியாவின் 3.07 விழுக்காடு அவளைத் தொடாது. நியூஜெர்சி வரி மட்டுமே உண்டு.

இத்தகைய உடன்பாடுகள் பெரும்பாலும் அண்டை மாநிலங்களுக்கிடையே அமைந்தவை. இல்லினாய்ஸ் மாநிலம் அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகியவற்றோடும், மினசோட்டா மிச்சிகன், வடக்கு டகோட்டா ஆகியவற்றோடும் உடன்பாடு கொண்டுள்ளன. மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையே இருந்த உடன்பாடு 2010 முதல் முடிவுக்கு வந்தது. நியூஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் இடையே இத்தகைய உடன்பாடு இல்லை. அதனால்தான் முதற்கணக்கில் இரண்டு படிவங்கள் தேவைப்பட்டன.

உடன்பாடு தானாகச் செயற்படுவதில்லை. பணியிற் சேரும் நாளிலேயே, தாம் வெளிமாநிலத்தவர் என அறிவிக்கும் சான்றுப் படிவத்தை முதலாளியிடம் தர வேண்டும். தராவிடில் ஊதியத்திலிருந்து பென்சில்வேனியாவுக்கான 3.07 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும். 12,000 டாலருக்கு 368 டாலர் 40 சென்ட். ‘போகட்டும், அதை நியூஜெர்சியில் ஈடாகக் காட்டிக்கொள்வேன்’ என அவள் எண்ணினால் அது நடவாது. செலுத்த வேண்டாத வரிக்கு ஈடு இல்லை. பென்சில்வேனியாவில் கணக்குத் தாக்கல் செய்து, பிடித்ததைத் திரும்பப் பெறுவதே வழி. நியூஜெர்சி வரியைத் தனியே செலுத்த வேண்டும்.

மற்றொரு மறைகுழியும் உண்டு. மாநிலங்களின் உடன்பாடு நகரங்களைக் கட்டுப்படுத்தாது. பிலடெல்பியா நகரம் தன் எல்லைக்குள் பணிசெய்யும் வெளியூரார் ஊதியத்திலும் வரி பிடிக்கிறது. 2024 கோடையில் அதன் விகிதம் 3.44 விழுக்காடு, 12,000 டாலருக்கு ஏறத்தாழ 413 டாலர். மாநில வரியைவிட நகர வரி பெரிதாயிற்று! நற்பேறாக, நியூஜெர்சி இந்நகர வரியையும் ஈட்டுக்குரியதாக ஏற்பதால், அதன் 154 டாலர் இங்கும் தள்ளுபடியாகும். மிச்சிகனில் டெட்ராய்ட்டும், ஓகையோவில் கொலம்பஸ் முதலிய நகரங்களும் இவ்வாறே ஊதிய வரி வாங்குவன.

வரியில்லா மாநிலம் என்னும் மயக்கம்

‘வாஷிங்டன் மாநிலத்தில் வருமான வரி இல்லை, ஆகவே சியாட்டில் நகரில் கோடைப்பணி கிடைத்தால் வரித்தொல்லை இல்லை’ என்று மாணவர் பேசிக்கொள்வர். சொந்த மாநிலம் எது என்பதைப் பொறுத்தே இக்கூற்று மெய்யாகும். டெக்சாஸ் மாணவர் சியாட்டிலில் ஈட்டினால் எம்மாநிலத்துக்கும் வரி இல்லை. கலிபோர்னியா மாணவர் அதே சியாட்டிலில் ஈட்டினால், தம் குடியிருப்பாளர் என்ற முறையில் கலிபோர்னியா வரி கேட்கும். வாஷிங்டனில் ஒன்றும் செலுத்தாமையால் ஈடாகக் காட்டவும் ஒன்றும் இராது. அங்கே மாநில வரி பிடித்தம் செய்யப்படாதது அவர் கண்ணை மறைக்கிறது. ஏப்ரல் மாதத்தில் உண்மை தெரியவரும்.

டெக்சாஸ் மாணவர் கலிபோர்னியாவில் ஈட்டினால்? கலிபோர்னியாவுக்கு வரி உண்டு. டெக்சாசில் வரியே இல்லாமையால் அதை ஈடுசெய்யவும் இடமில்லை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே களைய வேண்டும். கலிபோர்னியா மிகுவரி மாநிலம் என்று பெயர் பெற்றது. அதன் உச்ச விகிதம் 13.3 விழுக்காடு. பென்சில்வேனியாவோ 3.07 விழுக்காடு என்னும் ஒரே சீரான, குறைந்த விகிதம் கொண்டது. ஆனால் மாணவரின் சிறு ஊதியத்தில் நிலைமை நேர்மாறு. 2024இல் 12,000 டாலர் ஈட்டிய, பெற்றோரைச் சார்ந்த வெளிமாநில மாணவருக்குக் கலிபோர்னியா 5,540 டாலர் கழிவு தந்து, மீதிக்கு 1 விழுக்காடு மட்டும் வாங்குகிறது. ஏறத்தாழ 65 டாலர். பென்சில்வேனியாவில் நிலைக்கழிவே இல்லை. முதல் டாலரிலிருந்தே வரி. உடன்பாட்டில் வராத மாணவருக்கு 368 டாலர். இல்லினாய்ஸ் 4.95 விழுக்காடு வாங்குகிறது, சார்ந்திருப்பவர் இத்தொகை ஈட்டினால் விலக்கும் இல்லை, 594 டாலர். உச்ச விகிதம் செல்வர்க்குரிய செய்தி. மாணவர் பார்க்க வேண்டியது கழிவு எவ்வளவு, முதற்படி விகிதம் எவ்வளவு என்பவற்றையே.

எங்கே அமர்ந்து வேலை செய்தீர்?

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்தே பணிபுரியும் வழக்கம் பெருகியது. ஒரு மாநிலத்து நிறுவனத்துக்கு, மற்றொரு மாநிலத்து விடுதி அறையில் அமர்ந்து கணிப்பொறி வழியே பணிசெய்யும் மாணவர் பலர். பொதுவிதி யாதெனின், நிறுவனம் எங்கே உள்ளது என்பதன்று. உழைத்தவர் எங்கே அமர்ந்து உழைத்தார் என்பதே. ஆனால் நியூயார்க் போன்ற சில மாநிலங்கள், பணியாளர் தம் வசதிக்காக வெளியே அமர்ந்து பணிசெய்தால் அந்நாட்களையும் தம் மாநிலத்துப் பணிநாட்களாகவே கருதுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருந்தோர்க்கும் வரி விதித்த மாசசூசெட்ஸ் மீது நியூஹாம்ப்ஷயர் வழக்குத் தொடுத்தது. 2021 ஜூன் மாதத்தில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே இது இன்னும் தீராத சிக்கலே.

சில நாட்களே பணிசெய்வோர்க்கு ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு வரம்பு வைத்துள்ளது. இல்லினாய்ஸ் 2020 முதல், வெளிமாநிலத்தவர் 30 பணிநாட்களுக்கு மேல் அங்கே உழைத்தாலன்றி ஊதிய வரி கேட்பதில்லை. எல்லா மாநிலங்களும் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஆகவே எந்நாளில் எந்த ஊரில் பணிசெய்தோம் என்று நாட்குறிப்பு எழுதிவைத்தல் நன்று. பின்னர் எழும் வினாக்களுக்கு அதுவே சான்றாகும்.

அயல்நாட்டு மாணவர்க்குத் தனிச் செய்திகள்

எஃப்-1 விசாவில் செல்லும் நம் மாணவர்க்கு மேற்கூறிய யாவும் பொருந்தும். அவற்றோடு சில தனிச் செய்திகளும் உண்டு. அவர்கள் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு நடுவண் வரிச்சட்டத்தின்படி ‘குடியிருப்பாளர் அல்லாத அயல்நாட்டார்’ ஆவர், 1040-என்.ஆர். என்னும் படிவத்தை நிரப்ப வேண்டும். வருமானமே இல்லாவிடினும் 8843 என்னும் படிவத்தை அனுப்ப வேண்டும். இவ்வகையினர்க்குப் பொதுவாக நிலைக்கழிவு கிடையாது. ஆனால் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 1989இல் கையெழுத்தாகி 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, இந்திய மாணவர்க்கு அக்கழிவை வழங்குகிறது. இதை அறியாமல் கூடுதல் வரி செலுத்துவது கைப்பொருளை இழப்பதாகும்.

இவ்வைந்தாண்டுகளில், விசா அனுமதித்த பணியின் ஊதியத்தில், சமூகப் பாதுகாப்புக்கான 6.2 விழுக்காடும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான 1.45 விழுக்காடும் பிடித்தம் செய்யலாகாது. தவறிப் பிடித்தால் முதலில் முதலாளியிடமே திரும்பக் கேட்க வேண்டும்.

மிக இன்றியமையாத செய்தி இதுவே: நடுவண் அரசு ஒருவரைக் குடியிருப்பாளர் அல்லாதவர் என்று கூறுவதால், மாநிலமும் அவ்வாறே கூறும் என்பதில்லை. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் சொற்கள். நடுவண் கணக்கில் அயலாராகவும், மாநிலக் கணக்கில் குடியிருப்பாளராகவும் ஒருவரே இருத்தல் கூடும். மேலும் உடன்படிக்கைச் சலுகைகளை எல்லா மாநிலங்களும் ஏற்பதில்லை; கலிபோர்னியா, நியூஜெர்சி, பென்சில்வேனியா முதலியன ஏற்காதவை.

தாக்கல் செய்யாமையின் விலை

‘சிறு தொகைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?’ எனச் சிலர் கணக்கைத் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுவர். இதில் இருவகை இழப்பு உண்டு.

முதலாவது, உரிய பணத்தை இழத்தல். வாரந்தோறும் 1,000 டாலர் பெறும் மாணவரிடம் பிடித்தம் செய்யும் பொழுது, அவர் ஆண்டு முழுவதும் அதே ஊதியம் பெறுவார் என்றே கணக்கிடுகின்றனர். பன்னிரண்டு வாரம் மட்டுமே உழைத்தவரிடம் அதனால் மிகுதியாகவே பிடித்துவிடுகின்றனர். மேலே கண்ட மாணவிக்கு நடுவண் வரி ஏதும் இல்லை. பிடித்தது முழுவதும் அவளுக்கே உரியது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நடுவண் அரசிடம் கேட்பதற்குப் பொதுவாக மூன்றாண்டுகள் காலவரம்பு. மாநிலங்களுக்கும் அவ்வாறே வரம்புகள் உண்டு. அதற்குள் கேளாதவர் பணம் அரசினுடையதாகிவிடும்.

இரண்டாவது, செலுத்த வேண்டியது வளர்தல். ஆண்டு முடிந்ததும் முதலாளி வழங்கும் டபிள்யூ-2 சான்றில் மாநிலத்தின் பெயர், அங்கே ஈட்டிய ஊதியம், பிடித்த வரி ஆகியன 15 முதல் 17 வரையிலான கட்டங்களில் உள்ளன. அச்செய்தி மாநிலத்திற்கும் செல்கிறது. வட்டியும் தண்டமும் சேர்ந்து ஓலை வரும் நாள் வேறாகலாம். வராமற் போவது அரிது. கணக்குத் தாக்கல் செய்தவரைக் கேள்வி கேட்கக் காலவரம்பு உண்டு. தாக்கலே செய்யாதவர்க்குப் பொதுவாக அந்த வரம்பு ஓடத் தொடங்குவதே இல்லை. பிற்காலத்தில் அந்நாட்டுக் குடியுரிமை வேண்டி விண்ணப்பிப்போரிடம் நடுவண், மாநில, உள்ளூர் வரிகளைப் பற்றிய வினாவும் கேட்கப்படுகிறது என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கவை

பணியிற் சேரும் நாளில் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். எம்மாநிலத்துக்கு வரி பிடிக்கிறீர்கள்? என் மாநிலத்தோடு உடன்பாடு உண்டா? முதல் ஊதியச் சீட்டைப் படிக்காமல் மடித்து வைக்காதீர்கள்; பிழை இருப்பின் முதல் வாரத்தில் திருத்துவது எளிது, அடுத்த ஏப்ரலில் திருத்துவது அரிது. டபிள்யூ-2 சான்றையும், தாக்கல் செய்த படிவங்களின் படிகளையும் பாதுகாத்து வையுங்கள். ஏப்ரல் 15 என்னும் நாளை மறவாதீர்கள். குறைந்த வருமானம் உடையோர்க்கு இலவசமாகக் கணக்கு நிரப்பித் தரும் தன்னார்வலர் நிலையங்களை நடுவண் வரித்துறை ஆதரித்து நடத்துகிறது. பல்கலைக்கழகத்து அயல்நாட்டு மாணவர் அலுவலகங்களும் வழிகாட்டுகின்றன. விகிதங்களும் வரம்புகளும் ஆண்டுதோறும் மாறுவன. ஆகவே அவ்வாண்டுப் படிவத்தின் விளக்கக் குறிப்பைப் படித்த பின்னரே எண்களை எழுதுங்கள்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. உழைத்த மண்ணுக்கு முதல் உரிமை; சொந்த மண்ணுக்கு எஞ்சிய உரிமை; படித்த மண்ணுக்கு, அங்கே ஈட்டாதவரையில், உரிமை இல்லை. இவற்றைப் பற்றிக்கொண்டால் எத்தனை மாநிலங்கள் குறுக்கிட்டாலும் வழி தெரியும்.

முந்நூற்றைம்பது டாலர் என்பது பெருநிறுவனத்துக்குப் பொருட்டன்று. கோடை முழுவதும் உழைத்து அடுத்த பருவத்தின் நூல்களையும் உணவையும் எண்ணிச் சேமிக்கும் மாணவருக்கு அது பெரும் பொருட்டு. செலுத்த வேண்டியதைச் செலுத்துவது கடமை. செலுத்த வேண்டாததைத் திரும்பப் பெறுவது உரிமை. முன்னதைச் செய்தவர் பின்னதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நம் இல்லங்களிலிருந்து கடல் கடந்து செல்லும் பிள்ளைகள் இரண்டையும் அறிந்து செல்வார்களாயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.